பெற்றோருக்கான பி-ஃபிளாக் கூட்டம்: போகலாமா?

அமெரிக்காவில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் மகனோ மகளோ "நான் கே" (தன்பாலீர்ப்பாளர்), "நான் டிரான்ஸ்" (பிறப்பில் குறித்த பாலினம் தன்னுடையது அல்ல என்பவர்) என்று சொல்லிவிட்டால், அடுத்த சில நாட்களில் பெற்றோர் காதில் விழும் முதல் யோசனை அநேகமாக இதுதான்: "பி-ஃபிளாக் மீட்டிங்குக்கு ஒரு தடவை போய்ப் பாருங்களேன்." இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோரும் குடும்பத்தாரும் தங்களுக்குள் கூடிப் பேசும் அமெரிக்கத் தன்னார்வ அமைப்பு பி-ஃபிளாக் (PFLAG). பள்ளிக் கவுன்சலர் சொல்வார், குழந்தை மருத்துவர் சொல்வார், பல வீடுகளில் பிள்ளையே லிங்க் அனுப்பிவிடும். அங்கே போனால் என்ன நடக்கும், எது கிடைக்கும், எது கிடைக்காது என்று மட்டும் யாரும் விவரமாகச் சொல்வதில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். விஷயம் தெரிந்து முதல் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் இருக்கும் பெற்றோருக்கு, காசு வாங்காமல் கிடைக்கும் உதவிகளில் இதைவிட நல்லது அந்த நாட்டில் அரிது. மாமியார், நாத்தனார், வரன், ஜாதகம் என்று விரியும் நம் வீட்டுச் சிக்கலுக்கு இது பாதி தூரம்தான் வரும். பிள்ளையின் உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் இங்கே போகக் கூடாது. அதற்கு வேறு இடம் உண்டு, கீழே சொல்கிறேன்.

இந்த அமைப்பு எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால், கூட்டம் ஏன் இப்படி நடக்கிறது என்பது புரியும். 1972 ஏப்ரலில் நியூயார்க் ஹில்டன் ஹோட்டலில் நடந்த ஒரு விருந்தில் தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காகத் துண்டறிக்கை கொடுக்கப் போன மோர்ட்டி மேன்ஃபோர்ட் என்ற இளைஞரை அடித்துத் தள்ளினார்கள். போலீஸ் பார்த்துக்கொண்டு நின்றது. அவருடைய அம்மா ஜீன் மேன்ஃபோர்ட், குவீன்ஸ் பகுதியில் பள்ளி ஆசிரியை. என் மகன் தன்பாலீர்ப்பாளன், அவனை நான் நேசிக்கிறேன் என்று நியூயார்க் போஸ்ட் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அந்த ஜூன் மாதம் நடந்த தன்பாலீர்ப்பாளர் உரிமை ஊர்வலத்தில், பிள்ளைகளுக்காகப் பெற்றோரே ஒன்று சேருங்கள் என்று கையால் எழுதிய அட்டையைப் பிடித்தபடி மகனோடு நடந்தார். வழியெல்லாம் இளைஞர்கள் ஓடி வந்து கேட்டது ஒன்றைத்தான்: எங்கள் அப்பா அம்மாவிடம் நீங்கள் பேசுவீர்களா? 1973 மார்ச் மாதம் கிரீனிச் வில்லேஜில் ஒரு மெதடிஸ்ட் தேவாலயத்தில் முதல் கூட்டம் நடந்தது. வந்தவர்கள் சுமார் 20 பேர். இன்று அமெரிக்கா முழுக்க 350-க்கும் மேற்பட்ட கிளைகள் இருக்கின்றன.

அன்று கேட்கப்பட்ட உதவி, பெற்றவர்களிடம் பெற்றவர்களே பேசுவது. இன்றைக்கும் சேவையின் முதுகெலும்பு அதுதான். இங்கே உட்கார்ந்து உங்களைக் கேட்பவர் மனநல மருத்துவரும் இல்லை, சமூக சேவகரும் இல்லை. நான்கைந்து வருடத்துக்கு முன்னால் நீங்கள் இருக்கும் இடத்தில் இருந்த இன்னொரு அம்மா, இன்னொரு அப்பா. அதனால் ஃபீஸ் கிடையாது, இன்ஷூரன்ஸ் கிடையாது, உங்கள் பெயரில் மருத்துவப் பதிவும் கிடையாது. கதவோரம் நன்கொடைக் கூடை ஒன்று இருக்கும். போட்டாலும் போடாவிட்டாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உறுப்பினர் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

பெரும்பாலான கிளைகள் மாதம் ஒருமுறை, மாலை வேளையில், ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் கூடுகின்றன. இடம் நூலகத்தின் கூட்ட அறையாக இருக்கும், இல்லையென்றால் தேவாலயத்தின் பக்கத்து அறை. தேவாலயம் என்றதும் தயங்க வேண்டாம். அறை வாடகை இல்லாமல் கிடைக்கிறது என்பதுதான் பெரும்பாலும் காரணம், பிரசங்கம் எதுவும் நடக்காது. பாதுகாப்பு கருதிச் சில கிளைகள் முகவரியை வெளியே போடுவதில்லை. மின்னஞ்சல் அனுப்பினால்தான் இடம் சொல்வார்கள். அதனால் கூட்டத்தன்று மாலை கிளம்பிக்கொண்டே தேடாதீர்கள், ஒரு வாரம் முன்பே எழுதிவிடுங்கள்.

உள்ளே நுழைந்ததும் ஒட்டுச்சீட்டும் மார்க்கர் பேனாவும் தருவார்கள். முதல் பெயர் மட்டும் எழுதினால் போதும். நாற்காலிகள் வட்டமாக இருக்கும். மேஜையில் டிஷ்யூ பெட்டி, பக்கத்தில் இலவசக் கையேடுகள். நடத்துபவர் முதல் ஐந்து நிமிடம் விதிகளை வாய்விட்டுப் படிப்பார்: இங்கே கேட்டது இங்கேயே இருக்க வேண்டும், ஒருவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது, அவரவர் அனுபவத்தை மட்டும் சொல்ல வேண்டும், அடுத்தவருக்குப் புத்தி சொல்லக் கூடாது, பேச விருப்பமில்லை என்றால் "பாஸ்" என்று சொல்லிவிடலாம். பிறகு ஒரு சுற்று வரும். புதிதாக வந்தவர்களுக்கு முதலிடம். கூட்டம் பெரிதாக இருந்தால் இரண்டாகப் பிரிப்பார்கள். டிரான்ஸ் பிள்ளைகளின் பெற்றோர் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம் என்று பிரிப்பது வழக்கம், ஏனென்றால் இரு தரப்பின் கேள்விகளும் வேறு.

புத்தி சொல்லக் கூடாது என்ற விதிதான் நம்மவர்களுக்குக் கஷ்டம். துக்கம் விசாரிக்க வந்தவர்கூட நாலு யோசனை சொல்லாமல் கிளம்பாத ஊர் நம்முடையது. ஆனால் அந்த விதி இல்லாவிட்டால் கூட்டமே இல்லை. "நீங்கள் அவனை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும்" என்று ஒருவர் சொன்னால் புதிதாக வந்த அப்பா அடுத்த மாதம் வர மாட்டார். "நான் மூன்று மாதம் என் பெண்ணோடு சரியாகப் பேசவே இல்லை, பிறகு ஒரு நாள் அவளைக் காரில் காலேஜில் கொண்டுபோய் விடும்போது பேச்சு வந்தது" என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் அதிலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார். நல்ல நடத்துநரை இதில்தான் அடையாளம் காணலாம். யாராவது புத்தி சொல்ல ஆரம்பித்தால், "அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று மென்மையாகத் திருப்பிவிடுவார்.

இந்தச் சேவையின் பெரிய பலம் வேறு ஒன்று. தப்பான வார்த்தையைச் சொல்லிவிட இங்கே இடம் இருக்கிறது. "நாங்கள் வளர்த்த விதத்தில் கோளாறா?", "வயசுக் கோளாறுதானே, போய்விடுமா?", "ஊரில் என்ன சொல்வேன்?" இவையெல்லாம் எந்தப் பெற்றோர் மனதிலும் ஓடும் கேள்விகள். வீட்டில் இதைக் கேட்டால் கேட்கப்படும் ஆள் பிள்ளை. ஏற்கெனவே மாதக்கணக்கில் யோசித்து, பயந்து, துணிந்து சொன்ன பிள்ளை, அதன் பிறகு அப்பா அம்மாவுக்கு டியூஷனும் எடுக்க வேண்டியதாகிறது. ஒவ்வொரு கேள்வியும் அதன் மேல் போய் விழுகிறது. அதே கேள்வியை இந்த வட்டத்தில் கேட்டால் யாரும் துடிப்பதில்லை. பாதிப் பேர் தலையாட்டுவார்கள், அவர்களும் கேட்டதுதான். அழுவதற்கும் அப்படித்தான். பிள்ளை முன்னால் விடும் கண்ணீரைப் பிள்ளை வேறு மாதிரி எடுத்துக்கொள்ளும்.

இது வெறும் மன ஆறுதல் விஷயம் இல்லை. சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கெய்ட்லின் ரயன் நடத்தும் குடும்ப ஏற்பு ஆய்வுத் திட்டம் 2009-இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. வளரிளம் பருவத்தில் குடும்பத்தின் கடுமையான நிராகரிப்பைச் சந்தித்தவர்கள் தற்கொலைக்கு முயன்றதாகச் சொன்ன வாய்ப்பு, நிராகரிப்பு இல்லாத அல்லது குறைவான குடும்பங்களில் வளர்ந்தவர்களைவிட 8.4 மடங்கு அதிகம் என்று அது சொன்னது. அந்த ஆய்வு பார்த்தது பெற்றோரின் நம்பிக்கையை அல்ல, அவர்கள் செய்ததை: நண்பர்களைப் பார்க்கவிடாமல் தடுப்பது, உறவினர் விசேஷங்களில் ஒதுக்கி வைப்பது, கேலி பேசும் சித்தப்பாவைக் கண்டிக்காமல் விடுவது மாதிரி விஷயங்களை. மனது மாறக் காலம் எடுக்கலாம், செய்வதை இன்றைக்கே மாற்றலாம். நன்றாக நடக்கும் கூட்டங்களில் இந்தத் தொனிதான் இருக்கும். கோயிலை விடு, கொள்கையை மாற்று என்று யாரும் கேட்பதில்லை.

இனி குறைகள்.

முதலாவது, கிளைக்குக் கிளை தரம் மாறும். எல்லாமே தன்னார்வலர்கள் கையில். கைதேர்ந்த நடத்துநர் இருந்தால் பன்னிரண்டு பேருக்கும் நேரம் கிடைக்கும். இல்லையென்றால் ஒரே ஒருவர் நாற்பது நிமிடம் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார், புதியவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புவார். இன்னொரு சங்கடம்: பத்து வருடமாக வருபவர்கள் இப்போது செயல்பாட்டாளர்கள் ஆகியிருப்பார்கள். அவர்கள் மாநிலச் சட்டமன்றம், பள்ளி வாரியம் என்று பேசும்போது, நேற்றுத்தான் விஷயம் தெரிந்த அம்மாவுக்குத் தான் ஏதோ பாடத்தில் பின்தங்கிய மாணவிபோல் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். ஆதரவு, கற்பித்தல், உரிமைக் குரல் என்ற மூன்றையும் அமைப்பு தன் வேலையாக வைத்திருப்பதால் இது தவிர்க்க முடியாதது. ஆதரவுக் கூட்டம் என்று தனியாக அறிவிக்கப்படும் நாளுக்கு மட்டும் போங்கள், சிறப்புரை நாளுக்கு வேண்டாம். ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் பக்கத்து ஊர்க் கிளையையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது, ரகசியம். அறையில் சொன்னது வெளியே போகாது என்பது நாணயத்தின் பேரில் நிற்கும் விதி. டாக்டருக்கும் வக்கீலுக்கும் சட்டம் தரும் பாதுகாப்பு இந்த வட்டத்துக்கு இல்லை. அமைப்பு தன் பங்குக்குக் கறாராக இருக்கிறது. 2024 பிப்ரவரியில் டெக்சஸ் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம், டிரான்ஸ் சிறார்களின் சிகிச்சை தொடர்பாக பி-ஃபிளாக்கிடம் இருந்த ஆவணங்களைக் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. கொடுக்க மாட்டோம் என்று அமைப்பு நீதிமன்றம் போனது. டிராவிஸ் கவுண்டி நீதிமன்றம் அந்த நோட்டீஸுக்கு இடைக்காலத் தடை விதித்தது. இதிலிருந்து நடைமுறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது: அலுவலக மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள், தனியாக ஒன்று திறந்துகொள்ளுங்கள். வருகைப் பட்டியலில் முழுப்பெயர் கட்டாயம் இல்லை. பிள்ளையின் பெயர், பள்ளி, மருத்துவமனை மூன்றையும் வட்டத்தில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

தமிழ்ச் சங்கத்தில் பார்க்கும் முகம் யாராவது அங்கேயும் இருந்துவிட்டால்? உண்மையான பயம்தான். ஆனால் அவரும் அதே காரணத்துக்காகத்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறார். இருந்தாலும் மனது ஒப்பவில்லை என்றால் முக்கால் மணி நேரம் காரில் போய் வேறு கவுண்டியின் கிளையில் கலந்துகொள்ளலாம், அல்லது இணையக் கூட்டம். இணையத்தில் முன்பதிவு வேண்டும். உள்ளே வருபவர் யார் என்று பார்க்கச் சில குழுக்கள் முதலில் கேமராவை ஆன் செய்யச் சொல்வார்கள், அதற்குத் தயாராக இருங்கள். ஹெட்போன் அவசியம், பிள்ளை பக்கத்து அறையில் இருக்கும்போது ஸ்பீக்கரில் போட்டுப் பேசாதீர்கள். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியையும் சேர்க்க நினைத்தால், வெளியூர்க்காரர்களை அனுமதிப்பார்களா என்று முதலில் கேளுங்கள். நேரத்தையும் பாருங்கள்: அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 8 மணி என்றால் இந்தியாவில் கோடையில் மறுநாள் காலை 5.30, குளிர்காலத்தில் 6.30.

மூன்றாவது குறைதான் நமக்குப் பெரியது. இந்த வட்டம் பேசும் குடும்பம், அப்பா அம்மா பிள்ளை என்ற மூன்று பேர் குடும்பம். நம் வீட்டில் முடிவெடுக்கும் மேஜையில் பதினைந்து பேர். "மதுரையில் இருக்கும் என் மாமியாருக்கு எப்போது சொல்வது?", "பெரியவள் இப்படி என்றால் சின்னவளுக்கு வரன் வருமா?", "ஏற்கெனவே ஜாதகம் கொடுத்துவிட்டோம், இப்போது என்ன சொல்லி நிறுத்துவது?" என்று கேட்டால், அமெரிக்க அம்மா அன்போடு, "உங்கள் எல்லையைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்" என்பார். சொல்வது சுலபம். இதற்கு, தெற்காசியக் குடும்பங்களுக்காகவே அமெரிக்காவில் இயங்கும் தேசி ரெயின்போ பேரன்ட்ஸ் அண்ட் அலைஸ் என்ற அமைப்பின் இணையக் கூட்டங்கள் பொருத்தம். கல்யாணப் பேச்சை அங்கே யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டுக்கும் போவதில் தப்பில்லை. முதல் அதிர்ச்சி தணிய பி-ஃபிளாக், உறவினர் விவகாரத்துக்கு இது என்று பிரித்துக்கொள்ளலாம்.

மொழிக்கும் இதே கதை. கையேடுகள் ஆங்கிலத்தில் இருக்கும், சில ஸ்பானிஷில். தமிழில் படிக்க வேண்டும் என்றால் சென்னையில் 2003-இல் தொடங்கிய ஓரினம் குழுவின் இணையதளமே நல்ல இடம். ஆங்கிலம் சரளமாக வராத அம்மாவிடம் முதலில் அதைக் கொடுங்கள், கூட்டத்துக்கு அடுத்த மாதம் அழைத்துப் போகலாம். மும்பையில் பெற்றோர்களே சேர்ந்து நடத்தும் ஸ்வீகார் என்ற குழுவும் உண்டு. திருமண உரிமை வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது, 2023 ஏப்ரலில் 400-க்கும் மேற்பட்ட பெற்றோர் சார்பில் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதியவர்கள் இவர்கள்தான்.

போகிறவர்கள் செய்யும் சில தவறுகள் திரும்பத் திரும்ப நடப்பவை. முதல் கூட்டத்துக்கே பிள்ளையை இழுத்துக்கொண்டு போவது ஒன்று. பிள்ளை பக்கத்தில் இருந்தால் நீங்கள் வாயைத் திறக்க மாட்டீர்கள், போனதற்கே பயன் இல்லை. பிள்ளையாக விரும்பினால் ஒழிய, முதலில் நீங்கள் மட்டும். கணவன் மனைவி இருவரில் ஒருவர் வர மறுத்தால் சண்டை போட்டுக் கூட்டிவராதீர்கள். ஒருவர் இரண்டு மாதம் போய்வந்து வீட்டில் சாதாரணமாகப் பேச ஆரம்பித்தாலே மற்றவர் மூன்றாம் மாதம் காரில் ஏறிவிடுவதுண்டு. இரண்டு பேரும் போனால் தள்ளி உட்காருங்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் ஒருவர் பேச, மற்றவர் திருத்திக்கொண்டே இருப்பார். கூட்டத்துக்குப் போனதை வைத்து அண்ணன் தம்பிக்கெல்லாம் விஷயத்தைச் சொல்லிவிடுவது இன்னொரு தவறு, இதுதான் மோசமானதும்கூட. யாருக்குச் சொல்வது, எப்போது சொல்வது என்பது பிள்ளையின் முடிவு. "சித்திக்குத் தெரியலாமா?" என்று ஒரு வரி கேட்டுவிட்டால் போதும். ஒரே ஒருமுறை போய்விட்டு நிறுத்துவதும் சரியில்லை. முதல் நாள் பெரும்பாலும் அழுகையில் போய்விடும், காதில் ஏதாவது விழுவது இரண்டாம், மூன்றாம் முறையில்தான்.

தம்பி தங்கை, தோழர்கள், தாத்தா பாட்டி எல்லோரும் வரலாம். வீட்டில் எல்லார் கவனமும் ஒரு பிள்ளை மேல் இருக்கும்போது தங்கையை யாரும் கேட்பதில்லை, அவளுக்கும் பள்ளியில் கேலி இருக்கும். கணவனோ மனைவியோ தன்பாலீர்ப்பாளர் என்று கல்யாணத்துக்குப் பிறகு தெரியவந்தவர்களுக்கு இந்த வட்டம் அவ்வளவு பொருந்தாது. பெற்றோர் பேசும் பேச்சு அவர்கள் காயத்தைக் கிளறும். அவர்களுக்கென்றே அவர்பாத் (OurPath, முன்பு ஸ்ட்ரெயிட் ஸ்பௌஸ் நெட்வொர்க்) என்று தனி அமைப்பு இருக்கிறது, அங்கே போகச் சொல்லுங்கள்.

சட்டம், சிகிச்சை பற்றிய கேள்விகளுக்கும் எல்லை உண்டு. 2025 ஜூன் 18 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், சிறார்களுக்கான பாலின மாற்றச் சிகிச்சையைத் தடைசெய்த டென்னஸி சட்டம் செல்லும் என்றது. அதன் பிறகு எந்த மாநிலத்தில் என்ன சாத்தியம் என்ற பேச்சு டிரான்ஸ் பிள்ளைகளின் பெற்றோர் வட்டங்களில் அதிகம். மற்றவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தும் வழக்கும் மருத்துவரிடமும் வக்கீலிடமும்தான்.

"ஊருக்குக் கூட்டிப்போய் ஒரு டாக்டரிடம் காட்டினால் சரியாகிவிடும்" என்று உறவில் யாராவது சொன்னால், பதில் கையில் இருக்கட்டும். இப்படி மாற்றுவதாகச் சொல்லும் "சிகிச்சை" எதையும் செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று உத்தரவிட்டார். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. அந்தச் சென்னை வழக்கே, இரண்டு இளம்பெண்கள் பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சிப் பாதுகாப்புக் கேட்டு வந்த வழக்கு. நீதிபதி அவர்களை மட்டும் அல்லாமல் பெற்றோரையும் உளவியல் ஆலோசகரிடம் அனுப்பினார், தானும் ஆலோசகரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்.

அவசர நிலைக்கு வருவோம். பிள்ளை தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ அடுத்த மாதக் கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். பி-ஃபிளாக் நெருக்கடி உதவி மையம் அல்ல. அமெரிக்காவில் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐ அழைக்கலாம். அதில் எண் 3 அழுத்தினால் கிடைத்துவந்த பால்புதுமை (கே, டிரான்ஸ் முதலிய) இளையோருக்கான தனிப் பிரிவு 2025 ஜூலை 17-ஓடு நிறுத்தப்பட்டுவிட்டது, பழைய கையேடுகளில் இன்னும் அச்சாகியிருக்கும். அந்த இளையோருக்கென்றே பேசுபவர்கள் வேண்டும் என்றால் டிரெவர் ப்ராஜெக்ட், 1-866-488-7386. இந்தியாவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, தமிழிலும் பேசலாம். இந்த எண்கள் பிள்ளையின் போனிலும் உங்கள் போனிலும் சேமிக்கப்பட்டிருக்கட்டும்.

கடைசியாக, கிளை தேடும்போது ஒரு எச்சரிக்கை. தன்னார்வலர்கள் ஊர் மாறினால் சிறு ஊர்க் கிளை ஓசையில்லாமல் படுத்துவிடும், ஆனால் பட்டியலில் பெயர் அப்படியே நிற்கும். எழுதி ஒரு வாரத்தில் பதில் வரவில்லை என்றால் உங்களைத்தான் தவிர்க்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். அடுத்த பெரிய நகரத்தின் கிளைக்கு எழுதுங்கள், அல்லது தேசிய அலுவலகம் நடத்தும் இணையச் சந்திப்புகளில் ஒன்றுக்குப் பதிவு செய்துவிடுங்கள்.